செல்லியம்மாள் விட்டுவிட்ட அமாவாசை

1

"சித்தப்பா, கோர்ட்டில சண்டை போடறவா தெருவில ஏன் ஒரே பாவைப் பிடிச்சுண்டு நிக்கறா?"

1969-இல் என் அண்ணன் மகள் வத்ஸலா கேட்டாள். ஏழு வயது. பிள்ளையார்பாளையத்தில் விடிந்தும் விடியாத நேரத்தில் ஒரு தெருவைக் கடந்துகொண்டிருந்தோம். பட்டுப் பாவை, அதாவது தறியில் ஏற்றப்போகும் நெடுக்கு இழைகளை, தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, அறுந்த இழைகளை முடிந்துகொண்டிருந்தார்கள். ஒரு முனையில் செல்லியம்மாள், வக்கீலான என் அண்ணன் தேசிகனின் கட்சிக்காரி. மறுமுனையில் அவள்மேல் வழக்குப் போட்ட பக்கத்து வீட்டுக் கண்ணாயிரம். இருவரையும் வத்ஸலா முன்சீப் கோர்ட்டில் பார்த்திருந்தாள்.

"பேசாம வா" என்றேன்.

இந்தக் கதையை அந்தக் கேள்விக்காகத்தான் எழுதுகிறேன். பதில் சொல்லக் கெடு வைக்காதது பெருமாள் எனக்குச் செய்த உபகாரம்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

காஞ்சிபுரத்தில் எத்தனை கோபுரங்கள் உண்டோ அத்தனை வழக்குகளும்

(அடித்துவிட்டேன். இதில் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது, மனிதர்கள் இல்லை.)

மறுபடியும்:

செல்லியம்மாளின் தறி நிற்கும் பின்கட்டு அவளுடையதல்ல என்று தீர்ப்பான அன்று நல்ல மழை.

இது இருக்கட்டும். இந்த மழை பிறகு வேண்டியிருக்கும்.

இரண்டு வீட்டுக்கும் பின்னால் ஒரு துண்டு நிலம். கணவன் இறந்தபின் செல்லியம்மாள் அங்கேதான் தறியை நடத்திவந்தாள். நிலம் போனால் தறிக்கு இடமில்லை. தறி இல்லாவிட்டால் அடுப்பும் இல்லை. கண்ணாயிரத்தைக் கெட்டவராக்க எனக்கு மனம் வரவில்லை. அவருடைய பாட்டனார் பத்திரத்தில் அந்த இடம் இருந்தது. மூத்த மகனுக்குத் தனித் தறி போட அவருக்கும் இடம் வேண்டியிருந்தது.

வழக்கு வேறு, பாவு வேறு. ஒரு வீட்டுப் பாவு தெருவுக்கு வந்தால் பக்கத்து வீட்டார் வந்து பிடிக்க வேண்டும். கூலி கிடையாது, நாளை அவர்கள் பாவுக்கு இவர்கள் போவார்கள். வழக்கு நடந்த காலம் முழுவதும் அது நிற்கவில்லை.

3

"அப்பீலுக்குத் தீர்ப்பு நாள்லேர்ந்து முப்பது நாள்" என்று அண்ணா சொன்னார். அதற்குள் பணம் புரட்டிக்கொண்டு வருவதாகச் செல்லியம்மாள் தலையாட்டினாள்.

(அண்ணா இதைப் படித்தால், தீர்ப்பின் நகல் வாங்க ஆன நாட்களைக் கழிக்கவில்லையே என்பார். கழித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.)

இனி அந்தக் காலை. நானும் வத்ஸலாவும் கடந்து போனது வேறொரு நாளாக இருக்கலாம். கதையில் இதே நாள்தான்.

"என் எடத்தைப் புடிக்கத் தெரியுது. பாவை நேரா புடிக்கத் தெரியலியே, அண்ணே."

"புடிச்சிக்கினுதானே இருக்கறேன். நீ அந்தாண்ட தளர்த்தாதே."

"நாளைக்கு நான் செங்கல்பட்டு போறேன். அப்பீலு போடணும். நாளைக்குத்தான் கடைசி."

"நாளைக்கா? எப்படி எண்ணினே?"

"தீர்ப்பு நாள்லேர்ந்து முப்பது. நடுவுல ஒரு அமாவாசை வந்துது. அன்னிக்குத் தறி ஓடாதே, அதை வுட்டுட்டேன்."

4

இங்கே பேனாவை வைத்துவிட்டேன்.

முன்தினம் மாலை கண்ணாயிரத்திடம் அவருடைய வக்கீல் சொல்லியிருந்தார்: நாளைச் சாயங்காலம் தாண்டிவிட்டால் உங்களுக்குக் கவலையில்லை. அந்த நாளை, இன்று. தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனுப் போடலாம். ஆனால் அமாவாசையைக் கணக்கில் விட்டுவிட்டேன் என்று எந்த நீதிபதியிடம் போய்ச் சொல்வது?

கண்ணாயிரம் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. சும்மா இருந்தால் போதும்.

அப்படியே எழுதினேன்:

கண்ணாயிரம் குனிந்து, அறுந்த ஓர் இழையை முடிந்தார். "மழை வராம இருக்கணும்" என்று மட்டும்

உலகம் இப்படித்தான் என்பவர்களுக்கு இது பிடிக்கும். எனக்கோ அந்தக் கண்ணாயிரத்தை அடையாளம் தெரியவில்லை. அவர் வீட்டுப் பெட்டியில் ஒரு பச்சைப் புடவை இருப்பதை நான் மறந்துவிட்டிருந்தேன்.

தீர்ப்பு நாளில் அவருடைய பாவும் தெருவில் உலர்ந்துகொண்டிருந்தது. அவர் கோர்ட்டில்; மனைவி வழக்கு ஜெயிக்கக் காமாட்சி கோயிலில். தீர்ப்பைக் காதால் கேட்கத் தைரியமில்லாமல் செல்லியம்மாள் வீட்டிலேயே இருந்துவிட்டாள். மழை இறங்கியதும் தெருவே அவரவர் பாவைக் காப்பாற்ற ஓடியது. கண்ணாயிரம் ஜெயித்துத் திரும்பியபோது, அவருடைய பாவு சுருட்டப்பட்டு, ஒரு பச்சை நூல் புடவையில் பொதிந்து, வீட்டுக்குள் இருந்தது. தனியாளாய் எப்படிச் சுருட்டினாள் என்று நெசவு தெரிந்தவர்கள் கேட்பார்கள். எனக்கும் தெரியாது.

அது யாருடைய புடவை என்று அவருக்குத் தெரியும். செல்லியம்மாள் அதைத் திருப்பிக் கேட்கவில்லை. திருப்பிக் கொடுத்தால் ஏதாவது சொல்லியாக வேண்டும். என்ன சொல்வதென்று தெரியாமல் பெட்டியில் வைத்துவிட்டார்.

5

"செல்லி, கோர்ட்டுக்கு அமாவாசை கெடயாது. இன்னிக்குத்தான் கடைசி."

"யாரு சொன்னது?"

"என் வக்கீலுதான். சந்தோசமா சொன்னாரு."

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு பாவைப் பார்த்தாள். முதலாளி கொடுத்த பட்டு.

"நடுத்தெருவுல ஈரமா கெடக்குதே. இதை வுட்டுட்டு எப்படிப் போவேன்?"

"நான் என்ன செத்தா பூட்டேன்? காயவச்சுச் சுருட்டி வெக்கிறேன். வக்கீலு ஐயாவை இட்டுக்கினு பஸ்ஸைப் புடி."

"உங்க ஊட்ல உங்களச் சும்மா வுடுவாங்களா?"

"வுட மாட்டாங்க. அந்த வழக்கை நான் பாத்துக்கறேன். நீ போம்மா."

கஞ்சிக் கையை முந்தானையில் துடைத்தபடி அவள் நடந்தாள். அவள் விட்ட முனையை அடுத்த வீட்டுக்காரர் வந்து பிடித்தார். ஏன் என்று கேட்கவில்லை.

கோர்ட் கதவு சாத்துமுன் அப்பீல் தாக்கலாயிற்று.

6

யார் ஜெயித்தார்கள்?

அவள் ஜெயித்ததாக ஒரு முடிவு எழுதினேன். அவர் ஜெயித்து, அவளுடைய தறியை அங்கேயே இருக்கச் சொன்னதாக இன்னொன்று. இருவரும் சமாதானமாகப் போனதாக ஒன்று. அதில் எல்லாரும் அதிகமாகப் பேசினார்கள். மூன்றையும் ஓரமாக வைத்திருக்கிறேன். வேண்டியதை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கும் வத்ஸலாவுக்கும் வேண்டியது அதே நாள் சாயங்காலம்தான்.

செல்லியம்மாள் இன்னும் திரும்பவில்லை. பாவு நன்றாக உலர்ந்து, சுருட்டியாயிற்று. பிடித்தவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். கண்ணாயிரம் பெட்டியைத் திறந்து, துவைத்து மடித்திருந்த பச்சைப் புடவையை எடுக்கிறார். தெருவின் இரு பக்கமும் பார்க்கிறார். யாரும் இல்லை. அவள் செய்தபோதும் யாரும் பார்க்கவில்லையே.

ஆனால் நானும் நீங்களும் நிற்கிறோம். அவர் தயங்குகிறார்.

வாருங்கள், கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வோம்.

செல்லியம்மாள் வீட்டுக் கதவைச் சத்தமில்லாமல் தள்ளி, பாவை உள்ளே வைத்து, அதன்மேல் அந்தப் புடவையை