அடி பூசிய குழி

"குழிய மூடு, ராயப்பராஜ்" என்றார் கிளெமென்ட், வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபடியே. "ஒன் வீட்டுக் கூரைத் தண்ணி மண்ணுல எறங்குனா, என் கெணத்துக்குல்ல ஊறும்?"

குழிக்குள் நின்ற ராயப்பராஜ் மம்பட்டியைக் கீழே வைத்தார். அவர் மனைவி ஆனந்தமேரிதான் கேட்டாள். "குழி இல்லேன்னா கொழாய வெட்டிருவோம்னு நோட்டீஸ் விட்டுருக்காகளே, மெம்பர்?"

அந்த நோட்டீசுக்குக் கை தூக்கியவரே வார்டு மெம்பரான கிளெமென்ட்தான். வீட்டுக்கு வீடு மழைநீரை நிலத்துக்குள் இறக்க வேண்டும் என்று 2003இல் சென்னையில் சட்டம் போட்டார்கள். இங்கே பேரூராட்சி கூடி அதைத் தீர்மானமாக ஏற்றபோது, நிலத்தடி நீர் எல்லாருக்கும் பொது என்று பேசிக் கைதட்டலும் வாங்கினார். மழை பொய்த்து வருஷக்கணக்காகிறது. அவர் கிணற்றில் தவளைக்குக்கூடத் தண்ணீர் இல்லை. ஆனால் வறண்ட கிணற்றுக்கும் சாதி உண்டல்லவா! இரு வீட்டாருக்கும் ஒரே கோயில், ஒரே பூசை. ஞானஸ்நானம் வாங்கி மூன்று தலைமுறை ஆகியும் ராயப்பராஜின் சாதி மட்டும் கரையவில்லை. கல்லறைத் தோட்டமும் வேறு வேறுதான்.

சாயங்காலம் பேரூராட்சி ஓவர்சியர் வந்தார். யாரையும் பகைக்காத வழி அவரிடம் தயாராக இருந்தது.

"குழி இருக்கணும்னுதான் ரூல். அடியிலயும் பக்கத்துலயும் சிமெண்ட் பூசிருங்க. சொட்டுத் தண்ணி எறங்காது. நானும் பாஸ் பண்ணிட்டுப் போறேன்."

கிளெமென்ட் திருப்தியோடு உள்ளே போனார். தண்ணீரை இறக்கச் சொன்ன சட்டம், இறங்கவிடாத தொட்டியாக அந்தத் தெருவுக்கு வந்து சேர்ந்தது.

ராயப்பராஜ் பூசினார். ஆனந்தமேரி கலவை எடுத்துக் கொடுத்தாள். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. இதைப் போல எத்தனையோ கேட்டு மனசு மரத்துப்போயிருந்தது. மறுநாள் காலையில் ஓவர்சியர் குழியை எட்டிப் பார்த்துத் தலையாட்டினார். குழாய் தப்பியது.

அவர் போனதும் ஆனந்தமேரி கடப்பாரையோடு குழிக்குள் இறங்கினாள். பூச்சு இன்னும் சரியாக இறுகவில்லை. நாலே குத்தில் அடி பெயர்ந்தது.

"அடியே, என்ன செய்யிற? அவரு கெணத்துக்கு ஊறிரும்டி!" ராயப்பராஜ் குழி விளிம்புக்கு ஓடி வந்தார்.

சத்தம் கேட்டு கிளெமென்ட் வேலியோரம் வந்து நின்றார். அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு புருஷனிடம் சொன்னாள்.

"ஊறட்டும். வேணாம்னா எறைக்காம இருக்கச் சொல்லுங்க."