பேரிங் பேசுது

இரண்டு முக்காலிகள்மேல் இரண்டு மிதிகளையும் ஊன்றி, நின்றபடியே ஓட்டுகிற தன் ஒற்றைச் சக்கர மின்வண்டியைத் தரையில் படாமல் நிறுத்தியிருந்தார் லிஃப்ட்காரர். கட்டடம் கட்டடமாகப் போய் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். திருப்புளியின் முனையை அச்சில் வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டு சக்கரத்தைச் சுழற்றினார்.

"பேரிங் பேசுது," என்றார். அவர் அகராதியில் எந்திரங்கள் கெட்டுப்போவதில்லை. பேச ஆரம்பிக்கும், அவ்வளவுதான்.

மனைவியையும் கூப்பிட்டுத் திருப்புளியைக் கொடுத்தார். அவள் காதில் வைத்தாள். பல்லிடுக்கில் மணல் நெறிபடுவதுபோல மெல்லிய கரகரப்பு. கேட்டதுமே அவளுக்குக் காரணம் புரிந்துவிட்டது. நான்கு நாள் முன்னால், கூடமெல்லாம் சேறாகிறதே என்று, அவர் இல்லாத நேரத்தில் தண்ணீர்க் குழாயை அச்சுக்கு நேரே பிடித்துப் பீய்ச்சியடித்துக் கழுவியிருந்தாள். ஈரத்துணியால் துடைத்தால் போதும், தண்ணீர் அடித்தால் ரப்பர் மூடியைத் தாண்டிப் போய் உள்ளே பேரிங்கில் இருக்கிற கிரீஸை அரித்துவிடும் என்று அவர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே," என்றாள்.

"ஊரான் எழுதினதுல ஒரு புள்ளி விட்டுப்போனாலும் கண்டுபிடிக்கிறே, இது கேக்கலையாக்கும்?" என்று சிரித்தார். அவள் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். தனக்குத்தான் பிரமையோ என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. பேரிங்கை மாற்றிவிட்டு மறுநாள் எடுக்கலாம், இன்றைக்குப் பஸ்ஸில் போகலாம் என்று இருந்தவர், "சரி, போற வழியில கவனிச்சுப் பாக்கிறேன்," என்று தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

மேம்பால இறக்கத்தில் தண்ணீர் லாரி இடித்தது. ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும்போது உயிர் இல்லை.

துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப்பேர் அந்த ஒற்றைச் சக்கரத்தைத்தான் வைதார்கள். சர்க்கஸ்காரன் வண்டி அது என்று அப்போதே சொன்னேனே என்றார் அவருடைய அண்ணன். சக்கரம் இறுகி நின்றதால் விழுந்தாரா, அதற்கு நான் கழுவியதுதான் காரணமா என்ற ஒரே கேள்வி அவள் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. யாரிடம் கேட்பது?

ஒன்றரை மாதம் கழித்துப் போலீஸார் வண்டியைத் திருப்பித் தந்தபோது, நேரே மெக்கானிக்கிடம் எடுத்துப்போனாள். கணவருடைய பழைய கூட்டாளி. இவளை அண்ணி என்று கூப்பிடுகிறவர். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. மூடியைக் கழற்றி, இரண்டு பேரிங்குகளையும் இழுத்தெடுத்துப் பழைய துணிமேல் வைத்தார். வலப்பக்கத்தது சுத்தமாக இருந்தது. இடப்பக்கத்தில் கிரீஸ் பாலாய் வெளுத்து, குண்டுகளில் துரு ஏறியிருந்தது.

"தண்ணி போயிருக்கு," என்றார்.

"நான்தான் கழுவினேன்." அதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொல்லிவிட்டாள்.

அவர் பேரிங்கை விரலில் கோத்துச் சுற்றிக் காட்டினார். கரகரவென்றது, ஆனால் சுற்றியது. இந்த நிலையிலும் இது மாதக்கணக்கில் ஓடும், சத்தம் போடுமே தவிர ஆளைத் தள்ளாது, மனதை அலட்டிக்கொள்ளாதீர்கள் என்று பொறுமையாக விளக்கினார். அவளுக்கு மூச்சே அப்போதுதான் முழுசாக வந்தது.

அவளைத் தேற்றுகிற வேகத்தில் அவர் மேலும் சொன்னார்: "லாரிக்காரன் ஹாரன் அடிச்சானாம் அண்ணி. இவர்தான் ஒதுங்கலை. தலையை ஒரு பக்கமா கீழே சாய்ச்சுக்கிட்டே போனாராம். போன் பேசினார்னு சொல்றாங்க பாருங்க, அநியாயம். போன் பையிலதானே இருந்துச்சு."

அவள் தலையாட்டினாள். கணவர் எதைக் கேட்டுக்கொண்டு போனார் என்று உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

புதுசு போட்டுவிடட்டுமா என்று கேட்டார் மெக்கானிக். போடுங்கள் என்றாள். போட்டு, கிரீஸ் வைத்து, மூடியை முடுக்கினார். கெண்டைக்காலை அணைக்கிற திண்டுகளைப் பார்த்துவிட்டு, இனி யார் ஓட்டப்போகிறார்கள், அவர்கள் காலுக்குத் தக்கபடி மாற்றி வைக்கிறேன் என்றார்.

"அது அப்படியே இருக்கட்டும்," என்றாள்.

இடப்பக்கத் திண்டு வலப்பக்கத்ததைவிட ஒரு விரற்கடை உயரத்தில், கணவர் தன் காலுக்கென்று ஒட்டியபடியே இருந்தது.