கூப்பிடு தூரம்

தலைக்கவசத்தின் பின்பக்கத் திருகை நான்கு சுற்று இறுக்கிய பிறகுதான் அது என் தலையில் நின்றது. என் புருஷன் ஹால்வாருக்குத் தலை பெரியது. அவன் வியர்வை ஊறிக் கறுத்த பட்டை என் நெற்றியில் பட்டதும், மார்ச் மாதக் குளிரில் யாரோ ஈரத்துணியைச் சுற்றியது போலிருந்தது. வெட்டுத் தாங்கும் கால்சட்டையின் வாரை இழுத்து மாட்டினேன். அதுவும் அவனுடையதுதான், கணுக்காலில் இரண்டு மடிப்பு மடிக்க வேண்டியிருந்தது. முகத்திரையை இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். விறகுக் கொட்டகை மூலையில், மரம் ஏற்றி அறுக்கும் தாங்கியிலிருந்து ஆறு தப்படி தள்ளி, இத்தனை காலம் நான் நின்ற இடத்தில் அவன் நின்றுகொண்டிருந்தான். இடது கை ஊன்றுகோலில். வலது கை கோட்டுப் பைக்குள். அதை நான்தான் எடுத்து உள்ளே வைத்திருந்தேன். அந்தக் கை தானாக எங்கும் போவதில்லை.

"வயரை மொத்தமா பிரிச்சியா?"

"பிரிச்சேன்."

"உருளையில ஒரு சுத்துகூட மிச்சம் இருக்கக் கூடாது. சூடேறி உருகிடும்."

பிரித்துவிட்டேன் என்று இன்னொரு தரம் சொல்லவில்லை. பனியின் மேல் ஆரஞ்சு நிறத்தில் ஐம்பது மீட்டர் வயர் சமையலறைச் சுவர் வரை நீண்டு கிடப்பது அவன் கண்ணுக்கும் தெரிந்தது.

எங்கள் வீட்டில் பைபிளுக்கு அடுத்தபடியாக ஒரு விதி உண்டு. தனியாக மரம் அறுக்கக் கூடாது. கூப்பிடு தூரத்தில் ஓர் ஆள் நிற்க வேண்டும். ஹால்வார் கல்யாணத்துக்கு முன் காட்டில் மரம் வெட்டப் போனவன். கூட வேலை பார்த்த ஒருவன் ஒரு மதியம் தனியாக அறுத்து, ரம்பம் எகிறித் தொடையில் பாய்ந்து, ரோட்டிலிருந்து எண்பது அடி தூரத்தில் கத்திக் கத்திச் செத்துப்போனான். அவனைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களில் ஹால்வாரும் ஒருவன். அதன் பிறகு ஆள் இல்லாமல் அவன் ரம்பத்தைத் தொட்டதே இல்லை. அந்த ஆள் நான். முப்பத்தொரு மார்ச் மாதம், ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று வாரம், அந்த மூலையில் நின்றிருக்கிறேன். ஒரு பையில் ரத்தம் கட்டும் கட்டுத்துணி, இன்னொரு பையில் போன். கம்பளிப் பின்னலாவது போடுகிறேனே என்று முதல் வருடம் கேட்டேன். கண் தன் மேல் இருக்க வேண்டும், ஊசி மேல் அல்ல என்றான். சரி என்று பார்த்துக்கொண்டே நின்றேன். கால்விரல் பத்தும் மரத்துப்போகும். காப்பியை ஊற்றி அவனுக்குத்தான் முதலில் நீட்டுவேன். பக்கத்துப் பண்ணை ஆர்வே டிராக்டரில் போகிறபோதெல்லாம், "உனக்கென்ன தூரித், சும்மா நிக்கிற வேலை" என்பான். ஒருவன் தொடையிலிருந்து ரத்தம் பீய்ச்சுவதை மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு, எங்கே அழுத்துவது, எதைக் கட்டுவது, யாரைக் கூப்பிடுவது என்று முப்பத்தொரு வருடம் நிற்பது சும்மா நிற்பது என்றால், ஆமாம், சும்மாதான் நின்றேன்.

போன வருடத்துக்கு முந்தைய இலையுதிர் காலத்தில் அவனுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு திரும்பியது, கால் முக்கால்வாசி திரும்பியது, வலது கை வரவில்லை. இரண்டு குளிர்காலமாக, சேர்த்து வைத்திருந்த பழைய விறகை எரித்தோம். எங்கள் பக்கத்தில் இந்த வசந்தத்தில் அறுத்து அடுக்குவது அடுத்த குளிர்காலத்துக்கு. கொட்டகை காலியாகிவிட்டால் அந்த வீட்டில் வயதானவர்கள் இனி இருக்கப்போவதில்லை என்று ஊரே முடிவு கட்டிவிடும். கிறிஸ்துமஸுக்கு வந்த மகள் இங்வில் கொட்டகைக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, ஹாமார் நகரத்தில் அவள் வீட்டுக்குப் பக்கத்திலேயே தரைக்கடியில் சூடு வரும் ஃப்ளாட் ஒன்று இருப்பதாக ஆரம்பித்தாள். வீட்டை விற்றுவிடலாம் என்றாள். மே பதினேழு தேசிய நாளுக்குள் கொட்டகை நிறைந்திருந்தால் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது என்றேன். எடுக்க மாட்டேன் என்று கைகொடுத்தாள். ஹால்வார் உருளைக்கிழங்கைத் தட்டில் இடது கையால் துரத்திக்கொண்டிருந்தான். அவன் என் பக்கம் இருக்கிறான் என்றுதான் நான் நினைத்தேன். இந்த வீட்டை விட்டு நான் போக மாட்டேன். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

அவனுடைய பெட்ரோல் ரம்பம் எனக்குக் கனம். கூட்டுறவுக் கடையில் மின்ரம்பம் ஒன்று வாங்கி வந்தேன். பெட்டியைத் திறந்ததும், "தலைமுடி காயவைக்கிற மெஷினா?" என்றான். கேட்டதற்குச் சிரித்தேன். முதல் நாள் அவன் வாய் ஓயவில்லை. சங்கிலியை விரலால் தூக்கிப் பார், தளர்ந்திருக்கிறது. எண்ணெய் வருகிறதா என்று பிர்ச் மரத்தின் வெள்ளைப் பட்டைக்கு மேல், சங்கிலி ஓடும் தகட்டை நீட்டி ஓட்டிப் பார், கோடு விழ வேண்டும். வயரை வலது தோளுக்குப் பின்னால் போடு. கட்டைவிரல் பிடியைச் சுற்றி வரட்டும். தகட்டின் மூக்கு மரத்தில் பட்டால் முகத்துக்கு எகிறும். தகட்டுக்கு நேராக நிற்காதே, கொஞ்சம் இடதுபுறம் தள்ளி நில். எல்லாம் எனக்குத் தெரிந்தவைதான். முப்பத்தொரு வருடம் வேறு எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்? ஆனாலும் புதிதாகக் கேட்பவள் போலத் தலையாட்டினேன். சொல்லிக்கொடுப்பதாவது அவனுக்கு மிஞ்சட்டும் என்ற இரக்கம். அந்த இரக்கத்தை இப்போது நினைத்தால் எனக்கே எரிச்சல் வருகிறது.

இரண்டாம் நாள் அவன் பேச்சு குறைந்தது. மூன்றாம் நாள் நின்றேபோனது. எனக்கு வேலை பிடித்துப்போயிருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். பிர்ச் மரம் ரம்பப் பல்லுக்கு அடியில் வெண்ணெய்போல இறங்குவதும், முப்பது சென்டிமீட்டர் துண்டு பனியில் 'தொப்' என்று விழுவதும், அறுக்கிறவளுக்குள் ஒரு செருக்கு ஏறுவதும் எனக்கு அதுவரை தெரியாது. அறுத்ததைப் பிளந்து கொட்டகையின் ரோட்டோரச் சுவரை ஒட்டி அடுக்கிக்கொண்டே வந்தேன். விறகடுக்கைப் பார்த்துத்தான் மாப்பிள்ளை எடுக்க வேண்டும் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். மூன்றாம் நாள் மாலை ஆர்வே டிராக்டரை நிறுத்தி, இறங்கிவந்து, அடுக்கின் முகப்பில் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்த்தான். அளவுகோல் வைத்தாற்போல இருக்கிறதே என்றான். பிறகு ஹால்வாரின் தோளைத் தட்டி, "கை திரும்பிடுச்சு போலிருக்கே பெரியவரே" என்றான். நான் கால்சட்டையில் மரத்தூளோடு பக்கத்தில்தான் நிற்கிறேன். ஹால்வார் அதை மறுக்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. புருஷனை ஊராருக்கு முன் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று வளர்ந்தவள் நான். இரவுச் சாப்பாட்டில் அவனுக்கு ரொட்டியில் பழுப்புப் பாலாடைக்கட்டியைச் சீவி வைத்தேன். அவன் என்னை நிமிர்ந்து பார்க்காமல் தின்றான்.

நான்காம் நாள் காலை பத்து மணி இருக்கும். தடித்த அடிமரம் ஒன்று தாங்கியில் கிடந்தது. பாதி இறங்கியிருந்தபோது ரம்பம் நின்றுவிட்டது. விசையை விட்டேன், முன்தடையைத் தள்ளினேன். தானாக நின்ற ரம்பத்தைத் தொடுவதற்கு முன் பிளக்கைப் பிடுங்க வேண்டும். அதற்காகத் திரும்பினேன். மூலையில் அவன் இல்லை. வயர் வழியே நடந்தேன். பனியில் ஊன்றுகோல் குத்திய ஓட்டைகள் சுவர் வரைக்கும் போயிருந்தன. அவன் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றிருந்தான். பிளக் அவன் இடது கையில் இருந்தது.

"சங்கிலி மரத்துக்குள்ள ஓடிக்கிட்டிருந்துச்சு. புடுங்கிட்டியே, நீயா இப்படிப் பண்றே?"

"போதும், தூரித்."

"என்ன போதும்? இன்னும் பாதி கொட்டகை இருக்கு."

கைகால் பயிற்சிக்காகப் புதன்கிழமைகளில் இங்வில்தான் அவனைக் காரில் கூட்டிப்போவாள். முந்தின நாள் புதன்கிழமை, காலையில் பயிற்சி முடிந்து நகராட்சிக்குப் போயிருக்கிறார்கள். முதியோர் குடியிருப்பில் இடம் கேட்டு அவன் கையெழுத்துப் போட்டிருக்கிறான். இதை அவன் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு சொன்னான். நமக்கா என்று கேட்டேன். எனக்கு, ஓர் ஆள் அறை என்றான். வீடு என்ன ஆகும் என்றேன். உன் கையெழுத்து இல்லாமல் யாரும் விற்க முடியாது, உனக்கு வேண்டுமானால் இருந்துகொள் என்றான். எல்லாவற்றுக்கும் பதில் தயாராக வைத்திருந்தான். மகளும் அப்பனும் காரில் உட்கார்ந்து பேசிப் பழகியிருப்பார்கள்.

"ஏன்?" என்றேன்.

அவன் கொட்டகை மூலையைப் பார்த்தான்.

"அங்க நின்னு பாக்க முடியல."

"நான் முப்பத்தொரு வருஷம் நின்னேன், ஹால்வார்."

"நீ பயந்துக்கிட்டு நின்னே." பிளக்கைக் கையில் உருட்டினான். "நான் அப்படி நிக்கல. நீ ஒரு தடவையாவது தப்புப் பண்ணுவியான்னு பாத்துக்கிட்டு நின்னேன். நேத்தும் பாத்தேன். இன்னிக்கும் பாத்தேன். நீ பண்ணவே இல்ல."

எனக்கு உடனே கோபம் வரவில்லை. முதலில் தொடை சில்லிட்டது. அந்தக் கனத்த கால்சட்டைக்குள், அவன் கூட்டாளிக்கு ரம்பம் பாய்ந்த அதே இடத்தில். என் முதுகுக்குப் பின்னால் நான்கு நாளாக என்ன நின்றிருக்கிறது என்று அப்போதுதான் விளங்கியது. பிறகுதான் கோபம் வந்தது. அந்த ஊன்றுகோலைத் தட்டிவிடலாம் என்று தோன்றியது. தட்டிவிட்டால் தூக்கிவிடப் போவதும் நான்தான்.

"நீ போயிட்டா நான் எப்படி அறுக்கிறது?" என்றேன். அறுபத்தெட்டு வயதில், முப்பத்துமூன்று வருடம் கூட வாழ்ந்தவன் விட்டுப் போகிறேன் என்கிறான், என் வாயில் வந்ததோ விறகுக் கணக்கு. "தனியா அறுக்கக் கூடாதே."

"கூடாது" என்றான். மனப்பூர்வமாகத்தான் சொன்னான். அதில் கேலி இல்லை. இருந்திருந்தால் எனக்கு இன்னும் லேசாக இருந்திருக்கும்.

பிளக்கை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, படியில் ஒவ்வொரு காலாக ஏற்றி, உள்ளே போனான். நான் பிளக்கைத் துடைத்தேன். சொருகினேன். வயரைத் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொண்டு தாங்கிக்குத் திரும்பி நடந்தேன். இந்த அடிமரம் ஒன்று, இதையாவது முடித்துவிட வேண்டும் என்று தோன்றியது. அடுத்த குளிருக்கு இதை யார் எரிப்பார்கள் என்பதை நினைக்கக் கூடாது என்று நினைத்தேன்.

சமையலறை ஜன்னல் கொஞ்சம் திறந்திருந்தது. கண்ணாடிக்குள் அவன் முதுகு தெரிந்தது. மேசையில் உட்கார்ந்திருந்தான்.

"ஹால்வார்" என்று கூப்பிட்டேன். கத்தவில்லை. உப்பை எடு என்று சொல்லும் குரலில்தான் கூப்பிட்டேன்.

முதுகு நிமிர்ந்தது. கேட்டுவிட்டது. திரும்புவான் என்று காத்திருந்தேன். இடது கை மேசைக்கு மேல் நீண்டு ரேடியோவின் சத்தத்தைத் திருகிக் கூட்டியது. மலைப்பகுதிகளுக்கான வானிலை அறிக்கை முற்றம் முழுவதும் கேட்டது.

முகத்திரையை இறக்கினேன். இரண்டு கைகளாலும் ரம்பத்தைப் பிடித்து, கட்டைவிரல் பிடியைச் சுற்றியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். பாதி அறுபட்ட பிர்ச் மரத்திலிருந்து வசந்தத்து நீர் சொட்டுச் சொட்டாக மரத்தூளில் இறங்கிக்கொண்டிருந்தது.