செருப்புக்கு ஆள்

எங்கள் சின்ன அத்தையின் கால் நனைவதற்கு ஸ்டூடியோக்காரர் அருளானந்தம் நாற்பது ரூபாய் கேட்டார்.

"ரெண்டு கால்தானே அண்ணாச்சி. இருபது போட்டுக்கோங்க."

"பழைய படம். உள்ளே இறங்க வழி சரியில்லை. முழங்கால் வரைக்கும் முப்பத்தஞ்சு. அதுக்குக் கீழே கட்டாது."

முப்பத்தைந்துக்கு முடித்தோம். கொசுறாக ஒரு அலை கேட்டேன். பார்க்கலாம் என்றார்.

திருச்செந்தூர்க் கடற்கரையில் எடுத்த படம். கறுப்பு வெள்ளை. குடும்பமே அலையில் நிற்கிறது. தனபுஷ்பம் அத்தை மட்டும் மணலில், செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். வருடா வருடம் அங்கே போனபோது எடுத்த படங்கள் எங்களிடம் இருக்கின்றன. எல்லாவற்றிலும் அவர்தான் செருப்புக்குக் காவல்.

போன தையில் அத்தை இறந்துவிட்டார். கடலைப் பற்றிக் கேட்டால், "உப்புத் தண்ணிதானே" என்பார். ஆனால் தெருவில் மழைத்தண்ணீர் தேங்கினால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, மெதுவாகத்தான் கடப்பார்.

அருளானந்தம் படத்தின் கீழ்மூலையைத் தூக்கிப் பிடித்தார். குனிந்து உள்ளே போனேன். மணல் சாம்பல் நிறத்தில் சுட்டது.

"அண்ணாச்சி, செருப்புக்கிட்ட வராதீங்க," என்றார் அத்தை. அவருக்கு இருபத்துநாலு வயது. எனக்கு அறுபது ஆகப்போகிறது.

"நான் வேலாயுதம் மகன், அத்தை."

அத்தை அலைப்பக்கம் பார்த்தார். அங்கே என் அப்பா டவுசரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அவனுக்கே பத்து வயசுதான். மகன் எங்கேருந்து வந்தான்?"

"இனிமேத்தான்."

"அப்படிச் சொல்லு." நகர்ந்து எனக்கு இடம் விட்டார். "எதுக்குலே வந்த?"

"செருப்பை நான் பாத்துக்கிடுதேன். நீங்க போய்க் கால் நனைச்சிட்டு வாங்க."

பருப்பில் கல் தேடுவதுபோல் என் முகத்தைப் பார்த்தார்.

"உன் செருப்பைக் கழட்டி இதுல போடு."

"எதுக்கு?"

"அடமானம். உன் செருப்பும் கிடந்தாத்தான் நீ ஓட மாட்ட."

கழற்றிப் போட்டேன்.

"சரசக்கா ஒத்தைச் செருப்போடதான் வந்தா. சண்டைக்கு வந்தா அதையே சொல்லு." சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தார்.

மணல் நீண்டது. அத்தை ஓரடி வைத்தால் கடல் ஓரடி பின்வாங்கியது. உறவினர்களும் கேமராவைப் பார்த்தபடியே அதோடு பின்னால் போனார்கள்.

தூரத்திலிருந்து தாத்தா, அதாவது அத்தையின் அப்பா, கத்தினார்: "ஏட்டி தனம், செருப்புக்கு யாரு?"

"ஆள் போட்டிருக்கேன்!"

"சம்பளமா?"

"சொந்தக்காரன்!"

"அப்பச் சரி."

கடல் இன்னும் தள்ளிப் போனது. அத்தை நின்றுவிட்டார். ஜவுளிக் கடையில் விலை படியாதபோது அவர் அப்படித்தான் நிற்பார்.

"வேண்டாம். அடுத்த கடையில பாத்துக்கிடுதேன்," என்று கடலிடம் சொல்லிவிட்டு, என்னை நோக்கி நடக்க ஆரம்பித்தார். திரும்பிப் பார்க்கவே இல்லை.

கடல் பின்னாலேயே ஓடி வந்தது.

கணுக்கால் நனைந்தது. பிறகு முழங்கால். "ஏ ஆத்தி!" என்றார் அத்தை. அந்தக் குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை. என் அப்பா ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். குடும்பம் மொத்தமும் நகர்ந்து நடுவில் இடம் விட்டது. கேமராவை இப்போது ஒருவரும் பார்க்கவில்லை.

மேலிருந்து அருளானந்தத்தின் குரல் வந்தது. "முழங்கால் தாண்டியாச்சு."

"எழுதிக்கோங்க."

"இடுப்பு."

"எழுதிக்கோங்க அண்ணாச்சி."

"நீங்க எப்ப வெளியே வாறீங்க? கடை சாத்தணும்."

"செருப்பு கிடக்குல்லா."

மேலே கடையின் ஷட்டரை இழுக்கும் சத்தம் கேட்டது.

நான் செருப்புகளை ஜோடி சேர்த்து வைத்தேன். பிறகு மணலில் விரலால் எழுதிப் பார்த்தேன். கொடுத்தது, முழங்கால் வரை. பாக்கி, இடுப்பு, தோள், உச்சந்தலை.

அத்தை மூக்கைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் முங்கினார்.

உச்சந்தலை, இரண்டு.