குட்டிக்குப் பால் மறக்கடித்த வரலாறு

தன் காலில் தானே நிற்க இன்னொரு உயிருக்குக் கற்றுக்கொடுப்பதைவிட உயர்ந்த கடமை மனிதனுக்கு இல்லை. அந்தக் கடமைக்கென்றே பிறந்தவர், ஞாயிறு காலை பத்து மணிக்கு, பனியனில் கூழ் வழிய, சமையலறை மேஜையில் ஒரு கிளிக்குஞ்சுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்.

கம்பெனி கம்பெனியாகப் போய்த் தன்னம்பிக்கை வகுப்பு எடுப்பவர். அங்கே எல்லாரும் 'சார்' என்பதால் வீட்டிலும் சார். வெந்நீர் போடத் தெரியாது என்பது வேறு விஷயம்.

குட்டி என்று கூப்பிட்ட அந்தக் குஞ்சுக்கு ஒன்பது வாரம். இறகெல்லாம் முளைத்து மிடுக்காகத்தான் இருந்தது. ஆனால் சாரைக் கண்டால் போதும், தலையை ஆட்டி ஆட்டி, சிரிஞ்சில் கூழ் வரும்வரை அழும். தட்டில் வேகவைத்த சோளம், துருவிய கேரட், முளைகட்டிய பயறு. எல்லாவற்றின் மேலும் ஏறி நடந்தது. ஒன்றையும் வாயில் வைக்கவில்லை.

திங்கள் காலை சார் மூன்று நாள் வெளியூர் போகவேண்டும். மனைவிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பகல் முழுக்க வேலை. அதற்குள் குட்டி தானாகத் தின்னாவிட்டால், கொடுத்தவனே திரும்ப எடுத்துப்போவான். கொடுத்தவன் மனைவியின் தம்பி, பறவைக்கடைக்காரன். அவனிடம் தோற்பதுதான் சாருக்குத் தாங்காது.

அவனே போன் செய்தான். "என்ன அத்தான், இன்னும் கைக்குழந்தைதானா? சாயங்காலம் கூண்டோட வரவா?"

"பொறு மாப்ள. ஒவ்வொருத்தருக்கும் ஒரு வேகம் இருக்கு."

"எதிர்ல உக்காந்து நீங்களே தின்னு காட்டுங்க. பாத்துக் கத்துக்கும்."

வெள்ளிக்கிழமையே அவன் சொன்ன யோசனைதான் இது. அன்றிலிருந்து சார் வேளைக்கு ஒரு கிண்ணம் பச்சைப் பயறை மென்றுகொண்டிருந்தார்.

"இவ்வளவு தின்னாதீங்க" என்றாள் மனைவி.

"நான் தின்னல. முன்னுதாரணமா இருக்கேன்."

"உங்களுக்கே நான் தட்டுல போட்டாத்தான் சாப்பாடு. உங்களப் பாத்து அது என்னத்தக் கத்துக்கும்?"

சார் பயறு ஒன்றைத் தூக்கிப் பிடித்து, "இந்த உலகத்துல யாரையும் யாரும்..." என்று குட்டியிடம் தொடங்கினார். வாக்கியம் முடியவில்லை. முகம் மாறி, விறுவிறுவென்று எழுந்து போனார்.

குட்டி அழுதது. கதவைப் பார்த்துத் தலையாட்டியது. யாரும் வரவில்லை. கொஞ்ச நேரம் சும்மா நின்றது. பிறகு, வேறு வழியில்லாதவன் மாதிரி, ஒரு பயறைக் காலால் எடுத்து, தோலை உரித்துத் துப்பி, விழுங்கியது. இன்னொன்று. அப்புறம் சோளம். வாசற்படியில் நின்ற மனைவி அசையாமல் பார்த்தாள்.

சார் திரும்பியபோது குட்டியின் கழுத்தடியில் தீனிப்பை கோலிக்குண்டாகப் புடைத்திருந்தது.

"தானாவே தின்னுட்டான்" என்றாள் மனைவி.

சாருக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்றாயிரம் பேருக்கு வகுப்பெடுத்தவர்; சொன்னதை ஒருவராவது செய்து பார்த்தது இதுதான் முதல் தடவை. உடனே போனை எடுத்தார்.

"மாப்ள, கூண்டு அங்கேயே இருக்கட்டும். பால் மறக்கடிச்சாச்சு."

"அட. எப்படி அத்தான்?"

"கூடவே இருந்தா அது நம்மளத்தான் நம்பும். சரியான நேரத்துல ஒதுங்கத் தெரியணும், மாப்ள."

குட்டி தனியாக இருந்த அந்த இருபது நிமிடமும் சார் வயிற்றுப்போக்கோடு கழிவறையில் இருந்தார்.