அண்ணி கொண்டுவந்த பெட்டி

அட்டைப்பெட்டியை மேஜைமேல் வைத்ததும் அவள் முதலில் பார்த்தது அதன் அடி மூலையைத்தான். ஒன்றும் உதிர்ந்திருக்கவில்லை. அப்பாடா என்றிருந்தது. உள்ளே, செத்துப்போன கணவர் பறித்து மிச்சமிருந்த காளான்கள் உலர்ந்து சுருண்டு காகித உறைகளில் கிடந்தன. கூடவே வண்டுகளும் இருந்தன. போன மழைக்காலத்தில் அவை வந்து சேர்ந்தபோது அவள் விரட்டவில்லை. பெருகட்டும் என்று மூடி வைத்துவிட்டாள்.

உலர்ந்த காளான்களைச் சேர்த்து வைக்கும் அந்தக் காப்பகத்தின் தலைவன் எழுந்து வந்து நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"வாங்க அண்ணி. சொல்லியிருந்தா நானே வீட்டுக்கு வந்து எடுத்துட்டு வந்திருப்பேனே."

வருவான், வராமல் என்ன. அப்படி வந்து எடுத்துக்கொண்டு போனதுதானே அந்த நீலத்தண்டுக் காளானும். அவர் மலை ஏறிக் கண்டெடுத்தது, அவள் அடுப்பருகே கண் விழித்து உலர்த்தியது. நுண்ணோக்கியில் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கிப்போனவன், உலகத்துக்கே புதிய காளான் என்று அறிவித்துத் தன் பெயரில் பதிந்துகொண்டான். அண்ணன், அண்ணி என்று உறவு சொல்லி வந்து அவள் கையால் எத்தனை வேளை சாப்பிட்டவன். உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்பது வேறென்ன? "போகட்டும் விடு" என்றார் அவர். சொன்னாரே தவிர, அதன்பின் காட்டுப் பக்கமே போகவில்லை. அந்த ஏக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். அவள் விடவில்லை.

"பிரீசர்ல வச்சு எடுத்தாச்சா அண்ணி?"

அங்கே அதுதான் சட்டம். வெளியிலிருந்து எது வந்தாலும் உறையவைத்துப் பூச்சியைக் கொன்ற பிறகுதான் அலமாரிக்குள் போகும். ஒரு ஜோடி வண்டு தப்பினால் போதும், உள்ளே இருப்பதெல்லாம் மாவாகிவிடும்.

"வச்சேன் தம்பி. வைக்காம கொண்டுவருவேனா?"

"தெரியும், சும்மா கேட்டேன். இங்க பிரீசர் நிரம்பி வழியுது."

மேலிருந்த உறையை மட்டும் பிரித்துப் பார்த்தான். அதை அவள் சுத்தமாகத்தான் வைத்திருந்தாள்.

இரும்பு அலமாரியைத் திறந்தான். மேல் தட்டில் நூறு வருடத்துக்கு முந்தைய காளான்கள். அவற்றையும் எவளோ ஒருத்தி அடுப்பருகே உட்கார்ந்து உலர்த்தியிருப்பாள். அந்த நினைப்பு வராமல் இல்லை. கீழ்த்தட்டைப் பார்த்ததும் அவளுக்குத் திக்கென்றது. நீலத்தண்டுக் காளான். அதைத் தனியாக எங்கோ பூட்டி வைத்திருப்பான் என்றல்லவா நினைத்திருந்தாள். உறை அவள் மடித்தது, ஓரத்தை இரண்டு தரம் மடிப்பது அவள் பழக்கம். மேலே ஒட்டிய சீட்டில்தான் அவன் பெயர். அவன் அறிவித்ததற்கு இருக்கும் ஒரே சாட்சி அந்த உறைதான்.

"அண்ணன் பறிச்சதெல்லாம் ஒரே இடத்துல இருக்கட்டும்." பெட்டியை அதன் பக்கத்திலேயே வைத்தான். மூடியை ஒருமுறை தடவினான். "அவருக்கு இதையாவது நான் செய்யணும்ல."

செய்ய வேண்டியதை அவர் உயிரோடு இருந்தபோது செய்திருக்கலாம். ஒரு வார்த்தை சொன்னால் பெட்டி வெளியே வந்துவிடும், அவர் காளான் பிழைத்துக்கொள்ளும். அவன் பெயரும் சேர்ந்து பிழைத்துக்கொள்ளும். தன் மூக்கை அறுத்து எதிரிக்குச் சகுனத்தடை செய்வது என்பார்கள். அறுந்தால் அறுந்து போகட்டும்.

"பூட்டவா அண்ணி?"

"பூட்டுங்க தம்பி."

கதவு அழுந்தி மூடியது. பெட்டி இருந்த இடத்தில், மேஜைமேல், ஒரு சிட்டிகை பழுப்புத் தூள் கிடந்தது. அதன் நடுவே கடுகைவிடச் சிறிதாக ஒன்று கால்களை அசைத்தது. அவள் உள்ளங்கையை அதன்மேல் கவிழ்த்தாள்.

சாவியைப் பையில் போட்டபடி அவன் திரும்பினான். "டீ சொல்லட்டுமா அண்ணி?"

உள்ளங்கைக்குள் அது குறுகுறுத்தது. கையை எடுக்காமலே அவள் தலையசைத்தாள்.