சிவப்பு வட்டம் போட்ட பை

என் வீட்டுக்காரர் சந்திரமோகனுக்குத் தக்காளி போடுவது தொழில். நாட்டைப் பற்றிக் கவலைப்படுவது முழுநேர வேலை. "கவர்மெண்ட்டு கடனுக்கு மேல கடன் வாங்குது, எவன் அடைக்கிறது? நாம கையில இருக்கறதுக்குள்ளதானே குடும்பம் நடத்தறோம்?" என்று மாரண்டஹள்ளி டீக்கடையில் ஆரம்பித்தால், மாஸ்டர் கேட்காமலே அடுத்த டீயைப் போட்டுவிடுவார். கடன் விஷயத்தில் நானும் அவர் கட்சிதான். பெங்களூர் விஷயத்தில்தான் ஒத்துவராது. அவர் சொல்படி அந்த ஊரில் பாதிப் பேர் திருடர்கள், மீதிப் பேர் பறிகொடுத்தவர்கள்.

அங்கேதான் எங்கள் மகள் காவியாவுக்கு வேலை கிடைத்தது. வீட்டில் ஒரே சண்டை. கடைசியில் இறங்கி வந்தார். "சரி, போவட்டும். ஆனா அங்க ஒரே ஒரு திருட்டு நடந்தாலும் அன்னிக்கே என்கூடத் திரும்பிடணும்" என்றார். காவியா சரி என்றாள்.

எங்கள் பக்கத்தில் தக்காளி நிரப்பிய பிளாஸ்டிக் பெட்டிகளை, எங்கள் பேச்சில் கிரேடுகளை, ரோட்டோரம் வைத்துவிட்டு வந்துவிடுவோம். யாரும் தொடமாட்டார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு அடையாளம்; எங்களுடையது சிவப்பு வட்டம். வண்டிக்கார நாகன் அதைப் பார்த்துத்தான் ஏற்றுவார், காலி கிரேடையும் அதைப் பார்த்துத்தான் திருப்பிக் கொண்டுவருவார். பெங்களூர்த் திருடனுக்குப் பயந்து இந்த மனிதர் காவியாவின் சர்டிபிகேட் பைமேலேயும் அதே பெயிண்டில் ஒரு வட்டம் போட்டுவிட்டார்.

வேலையில் சேரும் நாளன்று நாகனின் தக்காளி வண்டியிலேயே நெருக்கி உட்கார்ந்து போனோம். பெங்களூர் மண்டியில் லோடு இறங்கியதும், இவர் பழக்க தோஷத்தில் பையைக் காலி கிரேடு அடுக்கின்மேல் வைத்துவிட்டு எங்களைக் காபி குடிக்கக் கூட்டிப்போனார். திரும்பி வந்து பார்த்தால் வண்டி ஊருக்குப் புறப்பட்டுவிட்டது. பையையும் காணோம்.

"பாத்தியா? நான் சொன்னேனில்ல?" என்றார். முகத்தில் பதற்றத்தைவிட ஜெயித்த சந்தோஷம்தான் அதிகம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. பதினோரு மணிக்குள் ஒரிஜினல் சர்டிபிகேட்டோடு போகாவிட்டால் பிள்ளைக்கு வேலை போய்விடும். காவியா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

புகார் கொடுக்கப் போனோம். ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு ஸ்டேஷன், அந்தப் பக்கம் ஒரு ஸ்டேஷன். இவர்கள் அவர்களைக் காட்டினார்கள், அவர்கள் இவர்களைக் காட்டினார்கள். "கவர்மெண்ட்டுன்னா இதான். இவனும் செய்யமாட்டான், அவனையும் செய்யவுடமாட்டான்" என்று இவர் நடுரோட்டில் பிரசங்கம் பண்ணினார். அதில் தப்புச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

அப்போதுதான் ஓசூரிலிருந்து நாகன் போன் பண்ணினார்.

"அண்ணே, நம்ம வட்டம் போட்ட பை ஒண்ணு காலி கிரேடுக்குள்ள கெடக்குதுங்க. மண்டியில மூட்டை தூக்கற ஒருத்தரு, உங்க சாமான் கேப்பாரில்லாம கெடந்துச்சு, நான்தான் காவலுக்கு நின்னேன்னு கன்னடத்துல சொல்லி அவரே ஏத்திவுட்டாரு. கிரேடைத்தான் சொல்றாருன்னு நானும் தலையாட்டிட்டு வந்துட்டேன். இப்ப பெங்களூர் பஸ் கண்டக்டர்கிட்ட குடுத்து அனுப்பியிருக்கேனுங்க."

"முன்னப்பின்ன தெரியாதவன்கிட்டயா?" என்று இவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

பஸ் வந்தது. கண்டக்டர் வட்டத்தைக் காட்டிச் சிரித்துக்கொண்டே பையை நீட்டினார். இவர் ஒவ்வொரு சர்டிபிகேட்டாக எடுத்துப் பார்த்தார். ஒன்றும் குறையவில்லை.

"அப்பா, திருட்டே நடக்கலியே. அப்ப நான் இருக்கலாமில்ல?" என்று காவியா கேட்டாள்.

இவர் தரையைப் பார்த்தார். "அந்த மூட்டை தூக்கறவரத் தேடிப்புடிச்சு ஒரு டீ வாங்கிக் குடுக்கணும்" என்றார். எங்கள் வீட்டில் அதற்குச் சம்மதம் என்று அர்த்தம்.

காவியா நேரத்தோடு போய்ச் சேர்ந்துவிட்டாள். சாயங்காலம் ஹாஸ்டல் வாசலில் விடைபெறும்போது பைமேலிருந்த பெயிண்டை நகத்தால் சுரண்டினாள்.

"ஆபீஸ்ல எல்லாரும் சிரிக்கறாங்கப்பா. அழிச்சிடட்டுமா?"

இவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "வேணாம்மா. இருக்கட்டும். வட்டம் இருந்தா எங்க போனாலும் வூட்டுக்குத் திரும்பி வந்துரும்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஓசூர் வரும்வரை பஸ்ஸில் இந்த மனிதர் தேசத்தின் கடனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.